நமக்கெதுக்கு வம்பு

என் வாய்க்குப் பயந்தே எங்கள் தெருவில் பலர் சுற்றிப் போவார்கள். கடலூர் முதுநகரில் வீட்டு முன்னறையிலேயே டைப்பிங் கடை வைத்திருந்தேன். அடுத்தவர் மனுவில் ஒரு கமாகூடத் தவற விடாதவள், என் பேச்சில் மட்டும் எதையும் கவனித்ததில்லை.

அப்படிப்பட்ட நான் 2007-ல் சிதம்பரத்தில் ஞாயிறுதோறும் கூடும் பௌத்த வாசிப்பு வட்டத்தில் சேர்ந்தேன். ஒரு டியூஷன் சென்டர் மாடியில் பத்துப் பேர் உட்காருவோம். பொய், கோள், கடுஞ்சொல், வெட்டிப் பேச்சு, இந்த நான்கையும் விட வேண்டும் என்றார்கள். நான்கிலும் பட்டம் வாங்கியவள் நான். "ஒரு வாரம் தாங்குவியா?" என்று கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே விடாப்பிடியாக இருந்தேன். ஆறு மாதம் தாண்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாளோடு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. குழாயில் மோட்டார் போட்டு எங்கள் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சுகிறார் என்பது சண்டை. அவர் மகள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு நாள் காலையில் விருத்தாசலத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். தன் பையனுக்கு அந்தப் பெண்ணைக் கேட்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருக்கிறார். "பொண்ணு எப்படிம்மா?"

மோட்டார் கதை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "நமக்கெதுக்குங்க வம்பு. நான் யாரப் பத்தியும் பேசறதில்ல" என்றேன்.

ஞாயிறன்று வட்டத்தில் அதைச் சாதனையாகச் சொன்னேன். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் கேட்டார்: "ஏங்க, நீங்க பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒருத்தர் இப்படிச் சொன்னா என்ன நெனைப்பீங்க?"

அப்போதுதான் உறைத்தது. பெண்ணைப் பற்றி விசாரிக்கும்போது அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான்: பெண்ணிடம் ஏதோ இருக்கிறது. கோளே சொல்லாமல் கோள் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த இடம் தட்டிப்போனது. "ஏதோ இருக்காம்" என்று பேச்சு கிளம்பி, இரண்டு வருடம் வேறு எந்த இடமும் அமையவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

பிறகு சிதம்பரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அம்மா விசாரிக்க வந்தார். "முன்னாடி ஒரு எடம் வந்து நின்னுபோச்சாமே, ஏன்?"

சொன்னால் தெருவில் என் மானம் போகும். பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இந்த இடமும் போய்விடும்.

"நின்னுபோனதுக்கு நான்தாங்க காரணம். அவுங்க அம்மாவோட எனக்குக் குழாய்ச் சண்ட, அந்தக் கோவத்துல 'நமக்கெதுக்கு வம்பு'ன்னு பதில் சொல்லாம வுட்டுட்டேன். பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சண்டக்காரியே நல்ல பொண்ணுன்னு சொன்னா, இதுக்கு மேல என்னா விசாரிக்கறது?" என்று எழுந்து நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் தாம்பாளத்தில் பத்திரிகையோடு என் வாசலுக்கு வந்தார். பத்திரிகையைக் கொடுக்கவில்லை. முதலில் திட்டித் தீர்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. பழைய நானாக இருந்திருந்தால் ஒன்றுக்குப் பத்தாகக் கொடுத்திருப்பேன். அன்று நின்று கேட்டேன். அத்தனையும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

மூச்சு வாங்க நிறுத்தி அவர் கேட்டார்: "என்னாடி, இப்பவும் நமக்கெதுக்கு வம்புன்னு நிக்கிறியா? வாயத் தொற!"

"என் தப்புதான்க்கா" என்றேன்.

ஐந்து வருடத்தில் அன்றுதான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். இன்றுவரை என் வாயிலிருந்து வந்ததில் எனக்குப் பெருமை அந்த வார்த்தைதான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்தை நீட்டினார்.