அம்சவல்லியை ஓட்ட வேண்டாம்

உப்பளப் பாத்தியில் முக்கால்வாசி உப்பு வாரிக் கரையில் குவித்திருந்தது. வாருபலகை மலர்கொடியின் கையில்தான் இருந்தது. வாரியது அவளுக்கு நினைவில்லை. காலையில் வேனிலிருந்து இறங்கியது தெரியும்; இப்போது உச்சி வெயில்.

"மேஸ்திரிய அறைஞ்சுட்டியேடி," என்றாள் கரையில் நின்ற நாத்தனார் ஆண்டாள். "பேர் கேட்டா அம்சவல்லின்றே. அமாவாசைக்குப் பூசாரிகிட்ட கூட்டிப்போவச் சொல்லி தம்பிகிட்ட சொல்றேன்."

போன முறை பூசாரியிடம் பிரம்படி பட்ட முதுகில் வேர்வை உப்பு எரிந்தது. மலர்கொடிக்கு முப்பத்திரண்டு வயது. நினைவு விட்டுப்போவது பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு.

அமாவாசைக்கு முந்தின நாள் கணவன் கலையரசன் இருவரையும் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனான். மனநல டாக்டரம்மாவுடன் மலர்கொடிக்கு இது ஐந்தாவது சந்திப்பு.

"பேயும் இல்ல, நடிப்பும் இல்ல. விலகல் அடையாளக் கோளாறு," என்றார் அவர். "சின்ன வயசுல தாங்க முடியாதது திரும்பத் திரும்ப நடந்தா, மனசு ஒண்ணா சேராம பிரிஞ்சே வளரலாம். ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேர், தனி ஞாபகம். அதை ஆல்டர்னு சொல்றோம். ஒருத்தர் உள்ள போயி இன்னொருத்தர் முன்னால வர்றது ஸ்விட்ச்."

மலர்கொடி சேலை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா வீட்டில் வளர்ந்தபோது நடந்ததை அவள் டாக்டரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"பூசாரியும் இதையேதான் கேட்டாரு, நீ யாரு, பேரென்னான்னு," என்றாள் ஆண்டாள். "அவரு எலுமிச்சம்பழம் கேட்டாரு. நீங்க ரத்த டெஸ்ட் கேக்கறீங்க."

"அவர் ஓட்டப் பாக்கறாரு. அம்சவல்லி வெளியிலேர்ந்து வரல, ஓட்டறதுக்கு. இவங்களைக் காப்பாத்த வந்த இவங்களோட ஒரு பங்கு. அடிச்சா இன்னும் பிரியும். பேசிப் பேசித்தான் சேர்க்கணும். வருஷக்கணக்கு ஆகும்."

"மேஸ்திரிய அவ எதுக்கு அறைஞ்சா, அண்ணி?" என்றாள் மலர்கொடி.

ஆண்டாள் ஜன்னலைப் பார்த்தாள். "இடுப்பப் புடிச்சான்."

"ஏங்க்கா அன்னிக்கே சொல்லல?" என்றான் கலையரசன்.

"பேய் புடிச்சவள்னா விட்டுடுவான். நெசத்தச் சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்டா."

மறுநாள் அமாவாசை. பூசாரியிடம் யாரும் போகவில்லை. மேஸ்திரியைப் பற்றிச் சொல்லக் கலையரசன் உப்பள முதலாளியைப் பார்க்கப் போனான். அவர் திண்டிவனம் போயிருந்தார். பெண்கள் இருவரும் அந்த மேஸ்திரியிடம் போகாமல் பக்கத்து உப்பளத்தில் வேலை கேட்டார்கள். ஒருத்திக்குத்தான் இடமிருந்தது. ஆண்டாள் மலர்கொடியை அங்கே வேலைக்கு விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். பதினோரு மணிவரை உப்பு சுமந்தது மலர்கொடிக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு இல்லை. ஐந்து மணிக்கு வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.