வேப்பிலை போட்டுத் தூக்கிய கட்டில்

என் புருஷனுடைய இடது கை, முழங்கைக்கு மேலே, வெறும் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்த கண்ணோடுதான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன், தாய்மார்களே. ஆத்தாளுக்குக் கூழ் ஊற்ற வந்த இடத்தில் இரத்தத்தைப் பற்றி ஏன் பேசுகிறாள் இவள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எனக்கு அவள் உதவி இரத்தத்தின் நடுவேதான் வந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் கன்னியம்மா. திருவேற்காட்டுப் பக்கம், கூவம் ஆற்றை ஒட்டிய சேரி எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து பூந்தமல்லி ரோட்டுக்கும் ரோட்டின் மேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் போக இரண்டே வழி. ஒன்று ஊர்த்தெரு. அதில் எங்கள் கால் படக்கூடாது. இன்னொன்று ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி, வரப்பு வரப்பாகச் சுற்றிக்கொண்டு போவது. அடைமழை பிடித்தால் அந்த வழி தண்ணீருக்குள் போய்விடும். ஆக, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்களுக்கு நோய் வரக்கூடாது. வந்தால் சாக வேண்டும். எழுதாத சட்டம் அது.

என் மகள் பூங்காவனம் அப்படித்தான் செத்தாள். வாந்தி பேதி. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் சுற்றுவழியில் போனேன். பாதி வழியில் அவள் தலை என் கழுத்தில் துவண்டு விழுந்தது. ரோடு அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. ரோட்டில் மாட்டுவண்டி போவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பிணத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அன்றிலிருந்து என் புருஷன் முனுசாமி மாறிப்போனான். அதிகம் பேசாதவன். ஒரே பேச்சுதான் பேசுவான்: "செத்தாலும் தெருவுல சாவறேன்மே. சேத்துல சாவ மாட்டேன்."

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணத்து ஜனமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடிவந்தார்களே, அந்த வருஷத்து மழைக்காலம். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் அம்மை வாரிக்கொண்டு போனது. என் தம்பி ஏழுமலையின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வலிப்பும் கண்டது. ஆற்றில் வெள்ளம். முனுசாமி ஒரு சீசாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் மருந்துத் தண்ணீர் வாங்க நாம்தானே சீசா கொண்டுபோக வேண்டும்! யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் ஊர்த்தெரு வழியாகவே போய்விட்டான். போகும்போது தெரு தூங்கிக்கொண்டிருந்தது. மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது விழித்திருந்தது.

பெரிய வீட்டு வரதப்பன்தான் மறித்தான். எங்கள் சேரியில் முக்கால்வாசிப் பேர் அவன் நிலத்தில் பாடுபடுகிறவர்கள். முனுசாமியும் அவனிடம் ஏர் ஓட்டியவன்தான். முதலில் சீசாவைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார்கள். "கொழந்தைக்கு மருந்து சாமி" என்று இவன் கத்தியிருக்கிறான். பிறகு தடியால் முழங்காலில் அடித்துக் கீழே தள்ளினார்கள். தலைக்கு வந்த வீச்சரிவாளைக் கையால் தடுத்தான். அதனால் தலை தப்பியது, கை போனது. விழுந்தவனை வயிற்றில் மிதித்திருக்கிறார்கள். அவன் எப்படி எழுந்தான், எப்படி ஓடிவந்தான் என்று அவனுக்கே தெரியாது. சேரி முனையில் இருக்கும் எங்கள் எல்லை மாரியின் வேப்பமரத்தடியில் வந்து விழுந்தான்.

நான் போய்ப் பார்த்தபோது சேறும் இரத்தமும் ஒன்றாகக் கிடந்தன. ஏழுமலை தாம்புக்கயிற்றால் கையை இறுக்கிக் கட்டினான். மஞ்சளை அரைத்துக் காயத்தில் அப்பினோம். மஞ்சள் தண்ணீரில் நனைத்த சேலைத்துணியைச் சுற்றினோம். நாட்டு வைத்தியர் ஊருக்குள் இருக்கிறார். அவர் எங்கள் நாடியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். தொடுகிறவராக இருந்தாலும் அன்றைக்கு யார் போய்க் கூப்பிடுவது? தெரு முனையில் தடிக்காரர்கள் நிற்கிறார்கள் என்று செய்தி வந்துவிட்டது.

ஆம்பிளைகள் கூடிக் கூடிப் பேசினார்கள். "வெள்ளம் வடியட்டும்" என்றார் ஒருவர். "வடியறதுக்குள்ள இவன் வடிஞ்சிடுவான்" என்றான் ஏழுமலை. வெயில் ஏறியது. மழைக்கால வெயில் தெரியுமே, புண்ணுக்கு ஈயைக் கூட்டிவரும். கறுப்பாக மொய்த்தது. ஒரு கையால் விசிறினால் மறுபக்கம் உட்காரும்.

எனக்கு வெறி வந்துவிட்டது, தாய்மார்களே. மறைக்க மாட்டேன். நான் அன்றைக்குக் கும்பிடவில்லை. மாரியின் கல்லுக்கு எதிரே போய் நின்று திட்டினேன்.

"ஏண்டி, உனக்குக் கண்ணு கீதா இல்லியா? பொண்ண வாரிக்கினே. சும்மா இருந்தேன். இப்ப புருஷன். வருஷா வருஷம் கூழ் ஊத்தினது இதுக்கா? அவன் உசுர எனக்குக் குடு. குடுக்கலேன்னா இந்தக் கல்லப் புடுங்கி ஆத்துல எறிஞ்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்!"

சொல்லிவிட்டு அந்த மரத்துக் கிளையைப் பிடித்து இழுத்து முறித்தேன். அவள் மரத்தில் யாரும் இலைகூடக் கிள்ள மாட்டோம். நான் கொத்துக் கொத்தாக முறித்தேன். கிழவிகள் "ஐயோ பாவி" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது ஈ உட்காராமல் இருக்க ஒரு மறைப்பு. அவ்வளவே. கயிற்றுக் கட்டிலில் அவனைப் போட்டு, காலிலிருந்து தலைவரைக்கும் அந்தக் கிளைகளால் மூடினேன்.

"தூக்குங்கடா" என்றேன்.

"எந்தப் பக்கமாக்கா?" என்று ஏழுமலை கேட்டான்.

"தெருவுல."

யாரும் அசையவில்லை. நான் கதிர் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலின் ஒரு காலைப் பிடித்தேன். ஏழுமலை அடுத்த காலைப் பிடித்தான். பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ஏழுமலையின் பெண்டாட்டி வலிப்புக் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். தூக்கிப் பழகிய இன்னொருவன் என்னை விலக்கித் தோள் கொடுத்ததும் நான் முன்னால் நடந்தேன். போகிற வழியெல்லாம் வாய்க்குள் ஒரே வார்த்தைதான். "மாரி, உசுரு. மாரி, உசுரு."

தெருமுனையில் ஏழு பேர் தடியோடு நின்றார்கள். நடுவில் வரதப்பன். அரிவாள் அவன் கையிலேயே இருந்தது, கழுவாமல். "நில்லுங்கடா!" என்று கத்தினான். கட்டில் நிற்கவில்லை, நின்றால் மறுபடி தூக்கத் தெம்பு இல்லை. அந்த நேரம் பார்த்து முனுசாமிக்கு வலி உச்சிக்கு ஏறிவிட்டது. கட்டிலே குலுங்க உடம்பு உதறியது. கிளைகளெல்லாம் சடசடவென்று ஆடின. உள்ளிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் வந்தது. மஞ்சள் துணியின் நுனி வெளியே தொங்கியது.

வரதப்பனின் பெண்டாட்டி வாசலில் நின்றிருந்தாள். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றை அந்த மாசம்தான் அம்மை கொண்டுபோயிருந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவே அதிர்ந்தது.

"யோவ், அருவாளக் கீழ போடுய்யா! ஆத்தா வர்றாய்யா! ஆத்தாவையா மறிக்கிற?"

அம்மை கண்ட உடம்பு ஆத்தாளின் உடம்பு. அதைத் தடுக்கக்கூடாது, எதிரே நிற்கக்கூடாது, கடுஞ்சொல் பேசக்கூடாது. சேரியானாலும் ஊரானாலும் இந்தப் பயம் ஒன்றுதான். மேலே கிடந்தது வேப்பிலை, தொங்கியது மஞ்சள் துணி, ஆடியது கட்டில். அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? தடிகள் கீழே விழுந்தன. துண்டுகள் இடுப்புக்கு இறங்கின. அந்த அம்மாள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கட்டிலுக்கு முன்னால் தரையில் ஊற்றினாள். வரதப்பன் அரிவாளை எறிந்துவிட்டு, காலையில் என் புருஷனைப் போட்டு மிதித்த அதே சேற்றில் குப்புற விழுந்து கும்பிட்டான்.

அவன் பிடரி என் காலடியில் இருந்தது. என் இடுப்பில் அரிவாள் இருந்தது. கை அதன் பிடிக்குப் போய்விட்டது. ஒரே வெட்டு போதும். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கழுத்து எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பின்னாலிருந்து முனுசாமி முனகினான். வரதப்பனை வெட்டினால் கட்டில் அங்கேயே நின்றுவிடும், நாங்கள் எல்லோரும் அங்கேயே சாவோம் என்று சட்டென்று புத்தியில் பட்டது. எனக்கு அந்த நேரத்தில் அந்தப் புத்தியைக் கொடுத்தவள் யார்? நானா? என் கோபம் உங்களுக்குத் தெரியாது. அவன் தலையைச் சுற்றி நடந்து போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரன் தூரத்திலேயே கை நீட்டி நிறுத்தினான். "அம்மை கேசு உள்ள வராதே, போ, போ!" கிளைகளை இரண்டு கையாலும் வாரி வீசினேன். வெட்டுண்ட கையைப் பார்த்துவிட்டு அவன் தானாகவே ஒதுங்கினான். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். "கைய எடுத்தாத்தான் ஆளு பொழைப்பான்" என்றார். எடுத்தார். காசு கேட்கவில்லை. உள்ளே படுத்திருந்த ஊர்க்காரர்கள் சிலர், எங்கள் ஆளைப் பக்கத்தில் போடக்கூடாது என்று சண்டைக்கு வந்தார்கள். "புடிக்காதவங்க ஊட்டுக்குப் போலாம்" என்று அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். குழந்தைக்கும் மருந்து கிடைத்து, அதன் காய்ச்சலும் இறங்கியது.

முனுசாமி கண் விழித்தான். நடந்ததைச் சொன்னேன். மொட்டைக் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"உசுரு கேட்டியே, அதோட கையையும் சேத்துக் கேட்டா இன்னாமே? கொறஞ்சா பூடுவா ஆத்தா?"

அழுதுகொண்டே சிரித்தேன். கேட்டதைக் கொடுத்தாள், கேட்காததைக் கொடுக்கவில்லை. எனக்குக் குறை இல்லை.

அவன் திரும்பி வந்தபோது முகத்தில் ஓர் அம்மைத் தழும்புகூட இல்லை. கை மட்டும் இல்லை. ஊருக்கு விளங்கிவிட்டது. சேரியைக் கொளுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நாங்கள் தண்ணீர்க் குடங்களை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். யாரும் வரவில்லை. ஏன் என்று பிறகு தெரிந்தது. ஊர்க்கூட்டத்தில் ஒருவன், "நீ உழுந்து கும்பிட்டது ஆத்தாளையா, உன் ஏரோட்டியையா?" என்று வரதப்பனைக் கேட்டுச் சிரித்தானாம். வரதப்பன் அவன் வாயிலேயே குத்திப் பல்லைப் பெயர்த்துவிட்டான். "வந்தது ஆத்தாதான். என் கண்ணால பாத்தேன். எவன்டா இல்லேன்றது?" என்றானாம். வேறென்ன சொல்வான்? இல்லை என்றால் அவன் கும்பிட்டது எங்கள் முனுசாமியை அல்லவா?

அதற்குப் பிறகு பிரசவமோ பாம்புக்கடியோ, எங்கள் சேரியில் யாருக்கு எது வந்தாலும் வேப்பிலை போட்டுக் கட்டிலைத் தூக்கிவிடுகிறோம். ஊர்த்தெரு ஒதுங்கி நிற்கிறது. அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போன மழையில் ஒரு பிள்ளைகூடச் சுற்றுவழியில் சாகவில்லை. இது ஆத்தாள் செய்ததில்லை, அவர்களுடைய தப்புக் கணக்கு என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். கொலை வெறியில் நின்ற ஏழு பேரின் கண்ணில் தப்புக் கணக்கு போட வைத்தவள் யார் என்று அவர்களைக் கேளுங்கள். நான் அவளுக்கு அடிமை. கல்லைப் பிடுங்குவேன் என்று மிரட்டிய வாயால்தான் இன்றைக்கும் அவளைக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒன்று என் நெஞ்சை அறுக்கிறது. படுத்துக்கொண்டு போனால் கும்பிடுகிறார்கள், நடந்து போனால் இன்னும் வெட்டுவார்கள். மருந்து வாங்கப் போகிறவன் முதலில் சாகக் கிடக்க வேண்டுமா? இதைத்தான் இந்த ஆடி முழுக்க அவளிடம் கேட்டேன். இந்தத் தடவை திட்டவில்லை. தலை முழுகி, விரதம் இருந்து கேட்டேன்.

முனுசாமியின் கை வெட்டுப்பட்ட இடம் மறுபடி சீழ் வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டில் கட்டலாமா என்று ஏழுமலை கேட்டான். வேண்டாம் என்று முனுசாமி சொல்லிவிட்டான். அவனுக்குக் கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

கூழ் ஊற்றி முடிந்ததும் நாங்கள் புறப்படுகிறோம். வேப்பிலை கிடையாது, அரிவாளும் கிடையாது. வெள்ளம் இல்லாத காலம், சுற்றுவழி காய்ந்துதான் கிடக்கிறது. ஆனாலும் தெருவில்தான் போகிறோம். வரதப்பன் வாசலில்தான் உட்கார்ந்திருப்பான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உயிரைக் கேட்டபோது கொடுத்தவள் வழியைக் கேட்டால் தர மாட்டாளா? அவளை நம்புகிறவர்கள் யார் யார் என்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டாம். எழுந்து எங்களோடு நடந்து வாருங்கள்.