சேறு தள்ள வந்த பிக்கப்

மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் ரசத்தைக் குடித்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இருப்பார்களோ, நான் பத்து வயதில் ஏறக்குறைய ஒரு வருடம் குடித்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட எங்கள் அப்பாவுக்கு அம்மாவின் ரசம் வைக்கும் 'ஈயச்சட்டி'தான் வாகாக இருந்தது. புளியும் சாம்பலும் போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் அந்த வாடை போகாது. வேறு சட்டி வாங்கலாமே என்றால், வண்டி ரெடியானதும் எல்லாம் வாங்கலாம் என்பார். அந்த வருடம் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

வண்டி என்பது பின்பக்கம் வெட்டப்பட்ட ஒரு பழைய ஜீப். அதைப் 'பிக்கப்' என்று சொன்னார்கள். அப்பா கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் லாரியில் கிளீனராக இருந்தவர். அந்த மூன்று வருடத்தை நம்பி, உழவுக்கு வைத்திருந்த ஒரு சோடி மாட்டைக் கொடுத்துவிட்டு, தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் அதை மாற்றிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மாடு நின்ற கொட்டகையில் அதை நிறுத்தினார்கள். அம்மா கழுநீர்ப் பானையைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்துவிட்டு வந்தார்.

இத்தனைக்கும் காரணம் எங்கள் பாதைதான். வீடு இலுப்பூருக்கும் குளத்தூருக்கும் நடுவில், ஊரைவிட்டுத் தள்ளி வயலுக்குள் தனியாக இருந்தது. பஸ் போகும் தார் ரோடு மேட்டில், வீடு பள்ளத்தில். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் வண்டிப்பாதையை ஒட்டி மேட்டுக்காடு, முழுக்கச் செம்மண். ஐப்பசியில் நல்ல மழை நாலு பெய்தால் அந்த மண்ணெல்லாம் கரைந்து இறங்கி எங்கள் பாதையில் வந்து படுத்துக்கொள்ளும். முழங்கால் வரை 'ஒளை', அதாவது சேறு. மாட்டுவண்டி அச்சுவரை இறங்கிவிடும், சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டும். நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சமாளித்து நடந்துவிடுவோம். அக்காவால் முடியாது. இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. இடுப்புவரை கம்பி வைத்த இரும்புக்காலும் பூட்ஸும் ஒரு கைக்கம்பும் இருந்தால் அவள் எங்கும் போவாள், சேறு ஒன்றைத் தவிர. சேற்றில் அந்த பூட்ஸ் இறங்கினால் ஆள்தான் வெளியே வருவாள், பூட்ஸ் வராது.

அதனால் மழைக்காலம் முழுவதும் அப்பா அவளைத் தோளில் உட்காரவைத்து ரோட்டுக்குக் கொண்டுபோய் இலுப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். சாயங்காலமும் அப்படித்தான். பின்னால் இரண்டு பேருடைய பையையும், அவளுடைய இரும்புக்காலையும் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நான் போவேன். பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்ததும், 'சாமி பொறப்பாடு ஆயிருச்சுப்பா' என்பார்கள். அவர்கள் பாசமாகத்தான் சொன்னார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல் இருக்கும், அக்கா சிரித்துக்கொண்டு பதில் சொல்வாள். ஆனால் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் பெரியவளானாள். சடங்கு முடிந்து பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டிய நாளன்று அப்பா வழக்கம்போலக் குனிந்து தோளைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"இனிமே என்னைத் தூக்காதீங்கப்பா. நடந்து போக முடிஞ்சா போறேன். இல்லாட்டி போகல" என்றாள்.

அந்தக் கார்த்திகையில் அவள் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வருடமும் இப்படி என்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். திருமயத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாம் என்று அம்மா சொன்னார். அங்கே போனால் மாடு கன்றோடு நானும் ஒன்றாகக் கிடப்பேன், அதற்கு இங்கேயே கிடக்கிறேன் என்றாள் அக்கா. பஞ்சாயத்தில் கேட்டதற்கு, அது உங்கள் பட்டாப் பாதை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த நேரத்தில்தான் அப்பா ஒரு கல்குவாரியில் ஒரு ஜீப் முன்னால் தகட்டைக் கட்டிக்கொண்டு கல்தூசியைத் தள்ளுவதைப் பார்த்துத் தொலைத்தார்.

அடுத்த ஐப்பசிக்குள் வண்டி ஓட வேண்டும். ஒன்பது மாதம் இருந்தது. ஒன்பது மாதமும் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒன்றைச் சரிசெய்யக் கழற்றுவார்கள், கழற்றும்போது நன்றாக இருந்த இன்னொன்று உடையும். அதை வாங்க அப்பா திருச்சிக்குப் போவார், அளவு தப்பான சாமானோடு திரும்பி வருவார், அடுத்த வெள்ளிக்கிழமை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள் என்பார். அதற்குள் அட்டமி வரும், நவமி வரும், அன்றைக்கு இரும்பைத் தொடக்கூடாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கொட்டகைக்குள் தலையை நீட்டி ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவார்கள். மோர் ஆற்றிக் கொடுப்பது என் வேலை, வெளியாட்கள் முன்னால் போகவே கூசுகிற என் வேலை.

அப்பாவுக்குக் கூட்டாளி அந்தோணி மாமா. ஆவூர்ப்பக்கத்து வெல்டர், அப்பாவோடு அதே லாரியில் வேலை பார்த்தவர். கொட்டகைக்குள் நுழையும்போது சிலுவை போட்டுக்கொள்வார், வண்டிக்கடியில் படுத்ததும் உள்ளேயிருந்து ஒரே திட்டாக வரும், வெளியே வந்ததும் "நாளைக்கு ஸ்டார்ட் ஆகிரும் தங்கச்சி" என்பார். அம்மா ஆறு மாதம் அதைக் கேட்டுவிட்டு, வண்டிக்கு 'வீட்டோட மாப்பிள்ள' என்று பெயர் வைத்துவிட்டார். அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில், "ஒங்க மாப்பிள்ளைக்கு எண்ணெ தேச்சு விட்டாச்சா, அவரு எந்திரிச்சாரா இல்லையா" என்று கேட்காத நாளே இல்லை. அப்பா முகத்தை நிமிர்த்தாமல் சாப்பிடுவார். அக்கா மட்டும் கேலி செய்ய மாட்டாள். ஊரிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான், ஆனாலும் வண்டி விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது ஓடுமா ஓடாதா என்பது எங்களுக்கெல்லாம் சிரிப்பு, அவளுக்குப் படிப்பு.

பழைய தண்ணீர் டேங்கர் ஒன்றின் வளைந்த தகட்டை வெட்டி, கீழே இரும்புப்பட்டை வைத்துப் பற்றவைத்து, வண்டியின் முகத்தில் மாட்டினார்கள். வயலைச் சமப்படுத்தும் பரம்புப் பலகையின் ஞாபகத்தில் அதற்கும் 'பலகை' என்றே பெயர். தூக்கவும் இறக்கவும் கிணற்று உருளையும் சங்கிலியும். புரட்டாசி கடைசியில், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அந்தோணி மாமா ஒருபக்கம் ஜெபம் சொல்ல, அம்மா ஒருபக்கம் சூடம் காட்ட, அது புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. பிரேக் மட்டும் பிடிக்கவில்லை. சேற்றில் பிரேக் எதற்கு என்றார் அப்பா.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் மழைக்கு அது வேலை செய்தது. அப்பா ஓட்ட, அந்தோணி மாமா சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, தோசைக்கல்லில் மாவை வழிப்பதுபோலச் சேற்றை இரண்டு பக்கமும் வழித்து ஒதுக்கியது. அக்கா கம்பை ஊன்றி ரோடுவரை நடந்துபோனாள். நடுவில் இரண்டு இடத்தில் வழுக்கப் பார்த்தாள், ஆனாலும் போனாள். அம்மா அன்றைக்கு முதன்முதலாக வண்டியை வண்டி என்று சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்மாயை நம்பிப் பிழைக்கிறவர்கள், ஆதலால் மண் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அதைக் கரையாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. பலகை ஒதுக்கிய சேற்றை அப்பா மம்பட்டியால் அணைத்து, மிதித்து, தட்டி, சரிவு பார்த்து வழவழப்பாக்கினார். கரிசனமாக அருகம்புல் பெயர்த்து வந்து பதித்தார். அம்மா மேலே துவரை ஊன்றினார். ஒவ்வொரு மழைக்கும் வண்டி பாதையைச் சுரண்டச் சுரண்டப் பாதை பள்ளமானது, கரை உயர்ந்தது. ஐப்பசி முடிவதற்குள் இரண்டு பக்கமும் என் இடுப்பளவு கரை நின்றது. பாதையைப் பார்க்க வந்தவர்கள் பாதையைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்துத்தான் பாராட்டினார்கள்.

அக்காதான் ஒருநாள், "அப்பா, இது கம்மாக்கரை மாதிரியில்ல இருக்கு" என்றாள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அவள் எச்சரித்தாள் என்பது அவருக்கு ஏறவே இல்லை.

கார்த்திகையில் ரேடியோவில் புயல் சின்னம் என்றார்கள். இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் மதியம், அம்மா சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வந்தது. முன்பெல்லாம் மேட்டுக்காட்டுத் தண்ணீர் பாதையைக் குறுக்கே தாண்டி வயலுக்குள் பரவிப் போய்விடும். இப்போது தாண்டுவதற்கு வழியில்லை. ரோட்டுப்பக்கம் பாதையின் வாயில் நுழைந்து, எங்கள் அப்பா கட்டிய இரண்டு கரைக்கும் நடுவில், எங்கும் ஒரு சொட்டுக்கூடக் கசியாமல், நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. கரை அவ்வளவு நன்றாக இருந்தது. அடுப்பு அணைந்தது, அரிசிமூட்டை நனைந்தது, என் நோட்டுகள் கட்டிலுக்கடியில் மிதந்தன. பிக்கப்பை எடுக்கலாம் என்று அப்பா கொட்டகைக்கு ஓடினார். சேறு தள்ள வந்த வண்டி அச்சுவரை சேற்றில் நின்றது.

கட்டிலின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் பத்து மாதமாக அடக்கி வைத்திருந்த கேலியைச் சொன்னாள்: "எல்லா ஊருலயும் வரத்துவாரிய வெட்டித் தண்ணியக் கம்மாய்க்கு விடுவாக. எங்கப்பா வீட்டுக்குள்ள விட்டிருக்காரு."

சொல்லிவிட்டு அழுதாள். இனிப் பள்ளிக்கூடம் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அம்மா திருமயத்துக்கு எடுத்துப்போக அவளுடைய துணிகளைத் தனியாக எடுத்து வைத்தார். அப்பா மழையில் நனைந்துகொண்டு, தான் கட்டிய கரையை வாசலுக்குப் பக்கத்தில் தானே வெட்டித் தண்ணீரை வயலுக்குத் திருப்பினார். மம்பட்டி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவர் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மழை விட்டது. பாதையைப் பார்க்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். அங்கே சேறு இல்லை. மதியத்திலிருந்து விடிய விடிய ஓடிய தண்ணீர், எத்தனையோ வருடமாகப் படிந்திருந்த மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போய், அடியில் கிடந்த செம்பாறையைக் கழுவி வைத்திருந்தது. ரோட்டிலிருந்து வீடுவரை சொரசொரப்பாக, கல்லாக, ஒரே பாறை. அதிலிருந்த மண்ணில் பாதி எங்கள் வீட்டுக்குள் இருந்தது, அது வேறு விஷயம். நான் ஓடிவந்து சொன்னேன். யாரும் நம்பவில்லை. அக்கா பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கம்பை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை தட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், வழுக்காமல், ரோடுவரை நடந்தாள். டீக்கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். அப்பா பாதையின் தலைப்பில் தண்ணீர் பிரிந்து போக ஒரு மடை வைத்தார். அதன்பிறகு அந்தப் பாதையில் சேறு தங்கவே இல்லை. அக்கா பள்ளிப்படிப்பை முடித்தாள், வேலைக்கும் போனாள்.

இதில் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது ஒன்று உண்டு. அன்று காலையில் அவள் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே அப்பா அந்தோணி மாமாவிடம், "பாத்தியா, நம்ம வண்டி போட்ட பாதய" என்றார். அன்றிலிருந்து சாகும்வரை அதையேதான் சொன்னார். அக்கா கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். அந்த வண்டி அதன்பிறகு கொட்டகையைவிட்டு நகரவே இல்லை, கோழிகள் ஏறி அடைந்தன, ஆனாலும் அவர் வாரம் ஒருமுறை துடைப்பார். வீட்டை நாசம் பண்ணியது யார், பாதையைக் கழுவியது எது என்று நான் கேட்க நினைப்பேன். எனக்குத்தான் யார் முன்னாலும் வாய் வராதே. வாய் உள்ள அக்காவோ அவர் சொல்லும்போதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டுவாள்.

அப்பா போன பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன். எல்லாம் செய்தது தண்ணீர்தானே, நீயுமா அவருக்கு ஒத்து ஊதினாய் என்றேன்.

"தண்ணிதான்டி" என்றாள். "தண்ணியக் கூட்டிட்டு வந்தது யாரு?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்போது வண்டி இல்லை, எடைக்குப் போட்டுவிட்டோம். கொட்டகை இல்லை. கரைகள் இல்லை, பாதையை அகலப்படுத்தும்போது சரித்துவிட்டார்கள். செம்பாறையும் கண்ணுக்குத் தெரியாது, மேலே சிமெண்டு போட்டாயிற்று, மழை பெய்தாலும் கார் வாசல்வரை வருகிறது. அக்கா விடுமுறைக்கு வரும்போது மட்டும் காரை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிடுகிறாள். அவள் மகன் கெஞ்சுவான், டிரைவர் சங்கடப்படுவார், அவளுக்கு வயதாகிவிட்டது, இரண்டு கம்பு ஊன்றவேண்டியிருக்கிறது. கேட்பதில்லை. இறங்கி, நின்று நின்று, நடந்துதான் வருகிறாள். நான் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். சோறு ஆறிப்போகிறது. வந்துகொண்டிருக்கிறாள்.