பன்னிரண்டு பத்துக்குப் பகல் சாப்பாடு

ஒரு நாள் பயணத்துக்காக நான் போட்ட நேரசூசியை லெமினேட் செய்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான்கு நிரல்கள்: நேரம், இடம், உணவு, எதிர்பார்க்கப்படும் சனம். ஆளுக்கொன்றாக ஆறு பிரதிகள். எழுத்துக் கூட்டத் தெரியாத என் நாலு வயது மகனுக்கும் ஒன்று கொடுத்தேன். அவன் அதை விசிறியாகப் பாவித்தான். அந்த அட்டையால் அன்றைக்குப் பயனடைந்தவன் அவன் ஒருவன்தான். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. வரலாறு படிப்பிக்கிற வாத்தியார். பெரிய படையெடுப்புகள் எல்லாம் ஏன் தோற்றன என்று வருடாவருடம் பிள்ளைகளுக்கு விளக்குகிறவன்.

யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. நாடே வேனில் ஏறியிருந்த காலம். தெற்கிலிருந்து ஆட்கள் யாழ்ப்பாணம் பார்க்க எங்கள் புத்தளத்தைக் கடந்து வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் எதிர்த்திசையில் போனோம். எங்கள் ஆட்களின் பயணம் என்றால் வேனின் பின்பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர், அடுப்பு, இரண்டு பெரிய சட்டி, ஒரு மூடை வெங்காயம் எல்லாம் கூட வரும். போகிற இடத்தில் ஹலால் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் சமையலறையையே கூட்டிக்கொண்டு போவோம். சமையலறை என்றால் என் மனைவி. ஒருமுறை நுவரெலியாவில் நாங்கள் வாவியில் படகு ஓட்டினோம். அவள் கரையில் குடைக்குக் கீழே இறைச்சி வேகவைத்தாள். எங்கள் வீட்டு அல்பத்தில் பயணப் படங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் அவள் புகையாக மட்டும் வருகிறாள்.

தொண்ணூறில், யுத்தத்துக்கு நடுவே, முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னாரை விட்டு எழும்பச் சொன்னபோது அவளுக்குப் பதினாலு வயது. குடும்பம் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கி, நுரைச்சோலைப் பக்கம் ஓர் ஓலைக் கொட்டிலில் ஒதுங்கியது. தாய் படுக்கையில் விழுந்தார். அடுப்பு இவள் கைக்கு வந்தது. அதன் பிறகு அந்த அடுப்பை அவளிடமிருந்து யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பதினேழு வருடம் குடும்பம் நடத்திய நானும்தான்.

ஆகவே பிள்ளைகள் தீம் பார்க் என்று குதித்தபோது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“வாறன். ஆனா அண்டைக்கு நான் சட்டி தொடமாட்டன். கரண்டி தொடமாட்டன். முட்டகூட உரிக்கமாட்டன். மத்த ஆக்கள மாதிரி சும்மா இருக்கப்போறன். ஒரே ஒரு நாள்.”

“வல்லாஹி, நீ கரண்டியக் கண்ணால பாக்கவும் தேவையில்ல,” என்றேன்.

“அல்லாஹ்ட பேரச் சும்மா இழுக்காதீங்க.”

“சும்மா இல்ல. என்னட்டத் திட்டம் இருக்கு.”

திட்டம் இதுதான். சிலாபத்துக்கும் தெற்கே ஒரு தென்னந்தோட்டத்தை வெட்டி, தண்ணீர்ச் சறுக்குகளும் சுழல்கிற இராட்டினங்களுமாகப் புதிதாக ஒரு பார்க் திறந்திருந்தார்கள். எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. பெருநாள் கழிந்தும் அதில் சில நாட்கள் மிஞ்சும். அந்த நாட்களில் மற்றப் பாடசாலைகள் நடக்கும். ஆகவே நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில் இருப்பார்கள், பார்க் காலியாக இருக்கும். அதிலும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தேன். வெள்ளி பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எங்கள் ஊர்ப் பிரதான வீதியில் பாய் விரித்துப் படுக்கலாம். கடைக் கதவுகள் இறங்கியிருக்கும், ஓட்டோக்காரர்கள் ஜும்ஆ தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள், ஓர் ஆடு மட்டும் பஸ் நிலையத்தைப் பொறுப்பில் எடுத்திருக்கும். பூமி முழுவதுக்கும் அந்த நேரத்தில் அதுதான் இயல்பு என்று நான் நம்பியிருந்தேன்.

பார்க்குக்குப் போன் பண்ணினேன். உள்ளே எங்கள் ஆட்கள் நடத்துகிற ஹலால் சாப்பாட்டுக் கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் என் மூளையில் கடைசித் துண்டும் வந்து பொருந்தியது. ஹலால் கடையில் வரிசையில் நிற்கப்போகிறவர்கள் யார்? முஸ்லிம்கள். வெள்ளி பகல் அவர்கள் எங்கே இருப்பார்கள்? ஜும்ஆவில். ஆகவே பன்னிரண்டு பத்துக்கு அந்தக் கடையில் ஒரு ஈ காக்காய் இருக்காது. நாங்கள் ஆறு பேரும் ராஜாக்கள் மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி உடைந்திருக்கிறது என்று உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

எங்கள் பள்ளிவாசல் மௌலவி ஹஸ்ரத்திடமும் கேட்டு வைத்தேன்.

“பயணிக்கு ஜும்ஆ கடமையில்ல. லுஹரச் சுருக்கித் தொழலாம்,” என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, “அவசரப் பயணமா மாஸ்டர்?” என்றார்.

“ரொம்ப முக்கியமான பயணம் ஹஸ்ரத்.”

வெள்ளி காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நானும் மனைவியும், பதினைந்து வயது மகள், கடைசி மகன், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற என் மூத்த சகோதரி ராத்தா. வேனை ஓட்டியவர் மனைவியின் காக்கா, என் மச்சான். அட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மச்சான் இது, விசா தருவாங்களா இதுக்கு?” என்றார். சிலாபத்தில் இடியப்பமும் சொதியும் ஏழு நாற்பதுக்கு. அட்டையில் ஏழு நாற்பத்தைந்து. ஐந்து நிமிடம் முந்தியிருந்தோம். மனைவி கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்து வைத்த தட்டில் இன்னும் யாரோ சொதி ஊற்றுவதை வேடிக்கை பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வெற்றி என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

பார்க் வாசலில் பதினேழு பஸ்கள் நின்றன.

முதலில் அவை பார்க்கின் சொந்த பஸ்கள் என்று நினைத்தேன். பதினேழாவது பஸ்ஸின் பெயரை வாசித்து முடிக்கும்போதுதான் உள்ளே வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் தெரிந்தார்கள். பாடசாலைகள் நடக்கிற நாட்களில்தான் பாடசாலைகள் சுற்றுலாவுக்கு வரும். இருபத்திரண்டு வருடம் வாத்தியாராக இருந்து, நானே பத்துத் தடவை பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போன மனிதன், இதை அந்த வாசலில் வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

“வாப்பா, எதிர்பார்க்கப்படும் சனம் எண்டதுல ‘மிகக் குறைவு’ எண்டு போட்டிரிக்கி,” என்றாள் மகள், அட்டையைப் பார்த்து.

காவலாளி பைகளைச் சோதித்தான். வெளிச் சாப்பாடு உள்ளே போகாது. ராத்தாவின் பையிலிருந்து கிரீம் கிரெக்கர் பக்கெற்றும் அவித்த கடலையும் வெளியே வந்தன. “கேம பே அம்மே,” என்று சிங்களத்தில் இரக்கத்தோடு சொல்லி அவற்றை ஒரு கூடையில் போட்டான். கையில் ஒரு நீலப் பட்டி கட்டினார்கள். அதை அறுத்து வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எனக்குக் கவலையில்லை. பன்னிரண்டு பத்து இருந்தது.

அதுவரைக்கும் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. ஒரு சறுக்குக்கு ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றோம். சறுக்க எட்டு வினாடி. ராத்தா பன்னிரண்டுக்கு அட்டையைப் பார்த்து, சாப்பாட்டுக்கு முன் போடுகிற குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். அதன்பின் நாங்கள் ஊர்வலமாக ஹலால் கடைக்குப் போனோம்.

என் கணிப்புப் பலித்திருந்தது. கடையில் ஒரு ஈ காக்காய் இல்லை. சமைக்கிற கோக்கியும் இல்லை.

கல்லாவில் நிறைமாதமாக ஒரு இளம் பெண், முதலாளியின் மனைவி, துப்பட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

“அவங்க எல்லாரும் ஜும்ஆக்குப் போயிட்டாங்களே,” என்றாள். “வெள்ளிக்கிழம தானே.”

அந்தப் பெரிய பார்க்கில், ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவே, என் கொள்கை ஒரே ஓர் இடத்தில்தான் உண்மையாகியிருந்தது. ஜும்ஆ அந்த ஒரு கடையை மட்டும் காலி பண்ணியிருந்தது. மகன் அட்டையால் எனக்கு விசிறினான்.

“சோறும் பருப்பும் வெச்சிட்டுத்தான் போன. கறி வந்துதான் போடுவாங்க. ஒண்டரைக்கு மேல ஆகும்,” என்றாள் அந்தப் பெண். “முட்ட இரிக்கி. எனக்கு எண்ண வாட பட்டாலே சத்தி வருது. இல்லாட்டி நானே பொரிச்சுத் தருவன்.”

பக்கத்துக் கடைகளில் பன்றி இறைச்சிச் சொசேஜ் வதங்கிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் கடையில் நாலு பாடசாலைகள் நின்றன. குளிசை போட்டும் சாப்பிடாததால் ராத்தாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. மனைவி முதலில் அதைக் கண்டாள். “மதினிக்கு ஒரு சோடா எடுங்க, சீனி போட்டது, கெதியா,” என்று மச்சானை விரட்டினாள். ராத்தா அதைக் குடித்து, முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்த பிறகு, நாங்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

பிறகு எல்லாரும் மனைவியைப் பார்த்தோம்.

கல்லாப் பெண்தான் மனைவியிடம் சொன்னாள்: “ராத்தா, நீங்க பாத்தா கைப்பழக்கம் உள்ள ஆள் மாதிரி இரிக்கி. உள்ள வந்து ஒரு பத்து நிமிசம்...”

மனைவியின் வலது கை இடது சட்டைக் கையை மடிக்கத் தொடங்கியது. அவள் மடிக்கவில்லை, கை தானாக மடித்தது. ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. எனக்குள் வெட்கத்தோடு ஒரு நிம்மதியும் இறங்கியது. அந்த நிம்மதியை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. மூன்றாவது மடிப்பில் அவள் தன் கையைக் கண்டுகொண்டாள். நிறுத்தினாள். மடித்ததை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, பொத்தானையும் போட்டு, ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“நான் தொடமாட்டன்,” என்றாள்.

“உம்மா, நான் பொரிக்கிறனே,” என்று மகள் எழும்பினாள்.

“நீ இரி. எனக்கும் இப்பிடித்தான் ஒரு நாள்ல தொடங்கின.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “வல்லாஹி எண்டு சொன்ன ஆள் இரிக்கிறாரே.”

எனக்கு அடி விழுந்தாற்போல் இருந்தது. உதவிக்கு மச்சானைப் பார்த்தேன். “நான் ட்ரைவர்,” என்றார் மச்சான், மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு. ராத்தாவைப் பார்த்தேன். எனக்காக எத்தனையோ சண்டை பிடித்த ராத்தா, “போ தம்பி, பசிக்கிது,” என்றார்.

போனேன். வெங்காயத்துக்கு எந்தப் பக்கம் தலை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கல்லாப் பெண் துப்பட்டிக்குள்ளிருந்து கட்டளையிட்டாள்: “தாச்சி சுட்ட பொறவு எண்ண. ஐயோ, அவ்வளவு இல்ல! மிளகாய்த் தூளக் கையால கிள்ளி, கையால!” முதல் முட்டை கோதோடு விழுந்தது. இரண்டாவது தாச்சிக்கு வெளியே. மூன்றாவதில் தாச்சியின் விளிம்பு மணிக்கட்டில் பட்டு நான் ஒரு சத்தம் போட்டேன். ஆறாவது முட்டை வட்டமாக வந்ததும், ஒரு சாம்ராச்சியத்தைப் பிடித்தவன் மாதிரி நிமிர்ந்து பார்த்தேன்.

கடைக்கு முன்னால் வரிசை நின்றது. நான்கு குடும்பங்கள். எல்லாரும் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தவர்கள். பெருநாள் விடுமுறையையும் ஜும்ஆவையும் கூட்டிக் கழித்து என்னைப் போலவே அதே விடைக்கு வந்தவர்கள். முதலாவதாக நின்றவர் எங்கள் பாடசாலை அதிபர். அரைக் காற்சட்டையில். ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழுவதன் சிறப்பைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் மாதம் ஒருமுறையாவது எங்களுக்குப் பேசுகிறவர்.

“மாஸ்டர்?” என்றார். “நீங்க இங்க... வேலையா?”

“இல்ல சேர். பயணத்துல.”

“அப்ப ஜும்ஆ?”

“பயணிக்குக் கடமையில்லையே சேர். நீங்க?”

அவர் தன் முழங்கால்களைப் பார்த்தார். “நானும் பயணிதான்,” என்றார். சற்றுப் பொறுத்து, “ரெண்டு முட்ட போடுங்க,” என்றார் மிக மெதுவாக.

இருபத்தாறு முட்டை பொரித்தேன். ஒன்றே முக்காலுக்கு முதலாளியும் கோக்கியும் தொப்பியோடு திரும்பி வந்து, தங்கள் அடுப்பில் ஓர் அந்நியன் கண்ணீரோடு நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். கோக்கி ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்து கரண்டியை மெல்லக் கழற்றி எடுத்தான்.

மனைவி சாப்பிட்டு முடித்திருந்தாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மகளோடு எழும்பிப் போனாள். அந்தப் பார்க்கில் மெல்ல ஓடுகிற ஒரு வட்ட வாய்க்கால் இருந்தது. ரப்பர் டியூபில் ஏறி உட்கார்ந்தால் தண்ணீரே சுற்றிக்கொண்டு போகும். அபாயாவும் துப்பட்டியுமாக அதில் ஏறினாள். பாடசாலைப் பிள்ளைகள் கத்திக்கொண்டு அவளை இடித்துத் தள்ளிப் போனார்கள். அவள் கண்ணை மூடியிருந்தாள். கையிரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. மணிக்கட்டில் பற்பசை தடவிக்கொண்டு நான் கரையில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடந்து போனாள், பஸ்ஸில் போகிறவர்கள் தெரியாத ஊரைக் கடப்பது மாதிரி. ஏழு சுற்று. மகள் படம் எடுத்தாள். அந்த வாய்க்காலின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அட்டையில் அது இருக்கவில்லை.

அஸர் தொழுத பிறகு வேன் வடக்கே திரும்பியது. முந்தல் ஊரைத் தாண்டும்போது களப்புத் தண்ணீரில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. பின் ஆசனத்தில் ராத்தாவும் மகனும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நித்திரை. எனக்குள்ளே ஒரு பெருமை ஊறத் தொடங்கியிருந்தது. தோற்ற தளபதிகளுக்கும் அப்படித்தான் ஊறியிருக்க வேண்டும். ரோட்டைப் பார்த்தபடி, சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன்:

“நான் பொரிச்ச முட்ட எப்பிடி?”

அவள் ஈரத் துப்பட்டியைப் பிழிந்து யன்னலுக்கு வெளியே ஒருதரம் உதறினாள்.

“எனக்கு நல்ல பசி,” என்றாள். “ருசி ஒண்டும் விளங்கல்ல.”