கண்ணாடி மாதிரி

சூடான இஸ்திரிப் பெட்டியைக் காகிதத்தின் மேல் அழுத்தினால் ஒரு வாசனை வரும். கருகுவதற்குச் சற்று முந்தைய வாசனை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் முன்பு வேலை பார்த்த குயில்ட் கம்பெனியில் ஒரு மாதம் முழுக்க அந்த வாசனைதான்.

அதற்குக் காரணம் நான். இதுவரை வெளியே சொன்னதில்லை.

குயில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்த போர்வை. நம் வீடுகளில் பழைய புடவையை வைத்துத் தைப்பார்கள். வெளிநாட்டில் புதுத்துணியை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி, பிறகு ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். வசதி இருக்கிறது, செய்கிறார்கள்.

நான் டைம் ஆபீசில் வருகைப் பதிவு கிளார்க். சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் நாவல் படிப்பேன். அந்த ஒரே தகுதியை வைத்துக் கம்பெனி என்னை மொழிபெயர்ப்பாளராகவும் நம்பியது.

ஒருநாள் புது ஆர்டர் வந்தது. குழந்தைப் போர்வை... குழந்தையின் பெயரோடு. முறையின் பெயர் ஃபவுண்டேஷன் பேப்பர் பீசிங். எழுத்துக்கு ஒரு காகிதம்; அதில் அந்த எழுத்தின் கோடுகள் அச்சாகியிருக்கும். துணியைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, மேலே தெரியும் கோட்டின் மீதே தைக்க வேண்டும். துணியைத் திருப்பித் தேய்த்து அடுத்த துண்டு. எல்லாம் முடிந்ததும் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். தைக்கிறவருக்குக் கடைசிவரை காகிதம்தான் தெரியும். அடியில் துணி என்ன ஆகிறது என்று தெரியாது. எங்கள் நிர்வாகத்துக்கு இந்த முறை உடனே பிடித்துப்போனது.

டெய்லர்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஸ்டெல்லாவுக்கு வாய்ப்பு வந்தது. கடம்பத்தூரிலிருந்து ரயிலில் வருவாள். நான்கு வருடமாக நூல் பிசிறு வெட்டும் மேஜையில் நின்றபடி, எனக்கு ஒரு மெஷின் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

சூப்பர்வைசர் தேவராஜ் சார் பெரிய மனதோடு சொன்னார். "ரெண்டு சாம்பிள் போடு. ரெண்டும் ஓகே ஆச்சுன்னா மெஷின் உன்னுது. இல்லன்னா மேஜைக்குப் போய்டணும். அப்பால என்னாண்ட வந்து நிக்கக்கூடாது."

பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர், அனுப்பிய குறிப்பை நான் தமிழாக்கினேன். கடைசி வரியில், முடிந்த துண்டு 'மிரர் இமேஜ்' ஆக இருக்கும் என்று போட்டிருந்தது. 'முடிந்த துண்டு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தபோது நல்ல தமிழாகவே இருந்தது.

கண்ணாடி மாதிரி என்றால் பளபளப்பாக என்று தேவராஜ் சார் புரிந்துகொண்டார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். மாதம் முழுக்கத் தேய்த்தார்கள்.

முதல் சாம்பிள் TIMOTHY என்ற பையனுக்கு. ஓகே ஆகிவிட்டது. அந்தப் பெயரில் உள்ள ஏழு எழுத்துகளையும் தனித்தனியாகக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். ஒன்றுகூட மாறாது. என் தமிழைக் காப்பாற்றியவர்கள் அந்தக் குழந்தையின் பெற்றோர்.

இரண்டாவது பெயர் GRACE.

காகிதங்கள் வந்தபோது எழுத்துகள் இடவலம் மாறியிருந்தன. "பிரிண்டிங் மிஸ்டேக். வெள்ளக்காரனும் மனுசன்தானே" என்றார் தேவராஜ் சார். ஒவ்வொன்றையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்பக்கமாகப் பிரதியெடுத்துச் சரிசெய்தார். ஸ்டெல்லா அதன்மேல் தைத்தாள். காகிதத்தைக் கிழித்ததும், A தவிர எல்லா எழுத்துகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

"துணிய உல்ட்டாவா வச்சிக்கிறே."

"இல்ல சார். பேப்பர்தான் உல்ட்டா. வந்தா மாதிரியே உட்டுருந்தா நேரா வந்துருக்கும். ஆம்புலன்ஸ் மூஞ்சில திருப்பித்தானே எழுதிக்கீது? அந்த பெயிண்டருக்கு எழுதத் தெரியாதுன்னா சொல்லுவீங்க?"

"அது ஆஸ்பத்திரிக்காரன் பிரச்சன. நீ மேஜைக்குப் போ."

ரிஜிஸ்டரில் 'டெய்லர் தவறு' என்று எழுதினார்கள். எழுதியவன் நான். அதுவும் என் வேலைதான்.

ஸ்டெல்லா மேஜைக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். "ண்ணா, அந்தக் கடைசி லைன இன்னொரு வாட்டி படி."

படித்தேன். "முடிந்த துண்டு... கண்ணாடியில் தெரிகிற பிம்பம் போல, இடவலம் மாறி இருக்கும்."

"அப்போ முன்ன இன்னா எழுதிக் குடுத்தே?"

"சுருக்கமா எழுதினேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லா சுருக்கினே போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையரின் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல், ஐந்து எழுத்துகளையும் திரும்பத் தைத்தாள். நான் அன்றும் நாவல் படித்தேன். எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

GRACE நேராக வந்தது.

தேவராஜ் சார் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பாத்தியா, துணிய ஒழுங்கா வச்சா வருதுல்ல" என்றார். மெஷின் அவளுக்குக் கிடைத்தது. கோப்பில் இருந்த என் தமிழில் 'பிம்பம்' என்ற சொல்லை அதே பேனாவால் சேர்த்தேன். 'டெய்லர் தவறு' என்பதை அடிக்கவில்லை. அடித்தால் யார் தவறு என்று எழுத வேண்டியிருக்கும்.

அப்புறம் நான் வேலை மாறினேன். இப்போதெல்லாம் மெஷின் எம்பிராய்டரி. பெயரை டைப் செய்தால் போதும், நேராக வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பையும் போனே செய்கிறது... அதுவும் தப்பு செய்கிறது, ஆனால் யாரும் அதனிடம் வந்து இன்னொரு வாட்டி படி என்று கேட்பதில்லை.

எனக்கு மகள் பிறந்தபோது ஸ்டெல்லா ஒரு போர்வை தைத்து அனுப்பினாள். KAVI என்று பெயர். K மட்டும் இடவலம் மாறியிருந்தது. ஸ்டெல்லாவுக்குக் கை தவறாது.

மகள் இப்போது எல்கேஜி. போன வாரம் மிஸ் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். பக்கம் முழுக்க K, எல்லாம் போர்வையில் இருப்பது போலவே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு. "பாப்பா எல்லாத்தையும் திருப்பிப் போட்டிருக்கா. வீட்ல யார் சார் சொல்லித்தர்றாங்க?"

"குழந்தை மேல தப்பில்ல மிஸ்" என்றேன். "தப்பு என்னுது."

சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. இரண்டே சொல்.