கால் தரையில் படாத பலகை

எனக்கு அருவருப்பு அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மற்றவர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போகிற எச்சிலை என்னால் தாண்ட முடியாது. அதன் நிறமும் அதில் மிதக்கிற பாக்குத் துகளும் கண்ணில் ஒட்டிக்கொண்டு மதியச் சாப்பாடு வரை கூடவே வரும். திருத்தணியில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு சுபாவம் வாய்த்தது என் கெட்ட நேரம். கிருத்திகைக் கூட்டம் மலையிலிருந்து இறங்கிப் போன மறுநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தால், மொட்டை அடித்த யாருடைய முடியோ ஈரத்தோடு செருப்பில் சுற்றிக்கொள்ளும். ஒரு தடவை அதைக் கையால் தொட்டு எடுக்க மனம் வராமல் செருப்பையே கழற்றி எறிந்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

தாலுக்கா ஆபீஸ் அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இருட்டும்வரை மெஷின் முன்னால் நிற்கிற வேலை. நாற்பதைத் தாண்டியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நான்கு நாள் நடந்தேன். நாலு நாளும் தலையைக் குனிந்து, எதை மிதிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்ததில் கழுத்தும் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து திரும்பும் மின்சார ரயிலில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கல்லூரி வயது. மடியில் ஒரு பலகை வைத்திருந்தாள். நடுவில் இடுப்பு போலச் சிறுத்து, அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே சக்கரம்.

"இது ஸ்கேட்டிங் போர்டாம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்கு நாலு வீல்க்கா. இது காஸ்டர் போர்டு. ஏறி நின்னு இடுப்பை இப்படி அப்படி முறுக்கினா தானா போய்க்கினே இருக்கும். கத்துக்கிட்டீங்கன்னா காலைக் கீழ வெக்கவே வேணாம்."

காலைக் கீழே வைக்கவே வேண்டாம். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அந்தப் பலகையை வாங்கினேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

முதலில் பஜாரில் பொம்மைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் விரலை நாக்கில் தடவி, அந்த விரலாலேயே பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பலகையை என் கையில் கொடுத்தார். சக்கரத்தில் விளக்கு எரியும் என்று சுற்றிக் காட்டினார்.

"எவ்ளோ வெயிட் தாங்கும்?"

"யானையே ஏறலாங்க."

எச்சில் பட்ட இடத்தைத் தொடாமல் வாங்கி வருவதிலேயே என் கவனம் இருந்ததால், அடியில் கிலோ கணக்குப் போட்டு ஒட்டியிருந்த தாளை அவர் ஏன் கிழித்து எடுத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. வழியில் எங்கள் வண்டியை ரிப்பேர் பார்க்கிற பாயின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திக் காட்டினேன். அவர் கையை நன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"சிஸ்டர், இதுல பேரிங்கே இல்ல. வெறும் பிளாஸ்டிக் வளையம்தான். நடுவுல கீற கம்பி பென்சில் மாதிரி கீது. நீங்க ஏறுனா ஒரே நாள்ல முறுக்கிக்கும். இது கொயந்தைங்க சாமான்."

திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பிரிச்சதை எடுக்கறதில்லீங்க" என்றார். பிரித்தது அவருடைய எச்சில் விரல்தான். அந்தப் பலகையை அவர் கடை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. அம்மையார்குப்பத்தில் கட்டிக்கொடுத்து, ஒத்துவராமல் பிரிந்து வந்து எங்களோடுதான் இருக்கிறாள். கடையில் எனக்குத் துணையும் அவள்தான். விளையாட்டுச் சாமான் கடையில், ரிப்பேர் பாய் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சக்கரம் நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், ஒரு சுண்டு சுண்டினால் சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்ற வேண்டும், முன்பலகையையும் பின்பலகையையும் இணைக்கிற கம்பி தடித்த இரும்பாக இருக்க வேண்டும், இரண்டு பலகையையும் எதிரெதிராக முறுக்கி விட்டால் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். கறுப்பில் ஒன்றை எடுத்தோம். நூறு கிலோ தாங்கும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

ஓட்டிப் பழக எங்கள் ஊரில் சமதரை ஏது? எங்கள் தெருவுக்குப் பின்னால் மூடிக் கிடக்கிற ஒரு அரிசி மில் இருக்கிறது. நெல் காயவைக்கிற சிமெண்டுக் களம் மட்டும் இன்னும் வழவழப்பாக, ஒரு பக்கம் லேசான சரிவோடு இருக்கும். காம்பவுண்டுச் சுவர் இடிந்த வழியாகக் காலை ஆறு மணிக்கு உள்ளே போனோம். போனதும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. சுவர் நெடுகிலும் ஆண்கள் மூத்திரம் போன கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து மஞ்சள் பூத்திருந்தன. களத்தில் பிளாஸ்டிக் டம்ளர், மென்று துப்பிய எலும்பு, இறுகிய வாந்தி.

"வந்தது வந்துட்டோம் அண்ணி. அந்த மூலை கொஞ்சம் பரவால்ல. அங்க ஏறுங்க" என்றாள் நாத்தனார்.

இந்தப் பலகை ஓடாமல் நிற்கும்போது நிமிர்ந்து நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். முன்காலை வைத்து அதை நிமிர்த்தி, பின்காலால் தரையை உந்தி, நகரத் தொடங்கிய அந்த ஒரு நொடிக்குள் பின்காலையும் ஏற்றிவிட வேண்டும். நான் ஏற்றினேன். இரண்டு பலகையும் எதிரெதிராகத் திரும்பிக்கொண்டன. உள்ளங்கை ஊன்றி விழுந்தேன்.

வலி தெரியவில்லை. கைக்கு அடியில் குளிர்ச்சியாக, கொழகொழவென்று ஏதோ இருந்ததுதான் தெரிந்தது. யாரோ சற்று முன்புதான் காறித் துப்பிய சளி. அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து சோப்பு, டெட்டால், மறுபடி சோப்பு என்று கழுவியும் அன்று முழுக்க அந்தக் கையால் சாப்பிடவில்லை. நாத்தனார்தான் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள்.

விட்டுவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் ஐந்தரைக்கே அவள் கதவைத் தட்டினாள். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் பிளீச்சிங் பவுடர் பை.

"மூக்குல துணி கட்டிக்கினு வாங்க அண்ணி. கூட்டிட்டு அப்புறம் ஓட்டலாம்."

தினமும் கூட்டினோம். தினமும் மறுபடி அசிங்கமாகிக் கிடந்தது. கையுறை, முழங்காலுக்குப் பட்டை, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு விழுந்தேன். காலைப் பார்த்தால் விழுவோம், எதிர்ச் சுவரைப் பார்த்தால் நிற்போம் என்பது ஆறாவது நாள் பிடிபட்டது. முன்காலை மெதுவாக வைத்துக்கொண்டு பின்காலை மட்டும் குதிகாலுக்கும் விரலுக்கும் மாற்றி மாற்றி அழுத்தினால் பலகை மீன் வாலைப் போல அசைந்து தானே முன்னால் போகும் என்பது பத்தாவது நாள். அன்று சரிவின் மேலிருந்து கடைசிவரை போனேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எதையும் மிதிக்காமல், தலையைக் குனியாமல். நாத்தனார் கை தட்டினாள். இடுப்பு வலி நினைவிலேயே இல்லை.

அதே நாள் மத்தியானம் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வந்த ஒருவன் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். என்ன என்று கேட்டதற்கு போனை நீட்டினான். நான் விழுகிறேன். உள்ளங்கையைப் பார்க்கிறேன். வாந்தி எடுக்கிறேன். விழுவதையே திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கழுதை கத்துகிற சத்தம் சேர்த்திருந்தார்கள். குனிந்து கிடக்கும்போது சட்டை ஏறி முதுகு தெரிகிற இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டியிருந்தார்கள். ஆர்.கே.பேட்டை வரைக்கும் போய்விட்டதாம். கீழே எழுதியிருந்தவற்றில் ஒன்று, 'பாக்கவே அசிங்கமா கீது.' மூத்திரச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எடுத்த படத்தில் அசிங்கம் நான்.

அதை நாத்தனார் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, அவன் போனதும் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு இருவரும் மறுபடி பார்த்தோம். எடுத்தவன் யார் என்று தெரிய வேண்டும் என்று அவள் சத்தத்தைக் கூட்டினாள். கழுதைச் சத்தத்துக்கு நடுவில், மிக அருகில், ஒருவர் அடித்தொண்டையிலிருந்து மூன்று தடவை காறி, நாலாவது தடவை துப்பினார்.

பத்தொன்பது வருடமாகத் தினமும் காலையில் எங்கள் வீட்டு வாஷ்பேசினில் கேட்கிற சத்தம் அது. நாத்தனார் போனை அணைத்து மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவளுடைய அண்ணன்.

என் கணவருக்கு மனை புரோக்கர் வேலை. சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"நீங்கதான் எடுத்தீங்களா?"

"இன்னாத்த?"

"வீடியோவ."

சிரித்தார். "ஆங். சும்மா ஜாலிக்கு நம்ம குரூப்ல போட்டேன். அவனுங்க எங்கெங்கயோ அனுப்பிட்டானுங்க. நான் இன்னா பண்றது?"

"நான் வாந்தி எடுக்கறத பாத்துக்கினு நின்னீங்களா?"

"இப்ப இன்னா ஆயிப்போச்சு? எத்தினி பேர் பாத்துகிறாங்க தெரியுமா? நாளைக்கு நல்லா கலரா ஒரு புடவை கட்டிக்கினு ஓட்டு. இன்னொண்ணு எடுத்துப் போடலாம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குற்றம் செய்த சாயலே இல்லை. நல்ல யோசனை ஒன்றைச் சொன்ன சந்தோஷம் இருந்தது. உதட்டோரத்தில் போண்டாத் துணுக்கு ஒட்டியிருந்தது.

நாத்தனார்தான் பேசினாள். "உன்னைப் பாத்தா வெக்கமா கீதுண்ணா. அதை அழி. குரூப்ல மன்னிப்பு கேளு. இல்லாட்டி உன் பேரோட நானே எழுதிப் போடுவேன்."

அழித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அழித்து என்ன, அது அதற்குள் நூறு போனில் இருந்தது. இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களில் யாராவது என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தால் பேப்பரைத் திருப்பி வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அந்த வீடியோவை நானே எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் முதுகை, என் வாயைத் துடைக்கிற விதத்தை, அவர்கள் பார்த்த கண்ணாலேயே நானும் பார்த்துக் கூசிப்போனேன். அதற்காகத்தான் அவரை மன்னிக்க முடியவில்லை.

எட்டு நாள் பலகையைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் நாத்தனார் தனியாகக் களத்துக்குப் போய்த் தானே ஏறிப் பார்த்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். கீழே பார்த்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மருந்து போட்டுவிட்டு, மறுநாள் நானும் கூடப் போனேன். இப்போது இருவருமே ஓட்டுகிறோம். களத்தில் திரும்பி வட்டம் போடவும் வந்துவிட்டது எனக்கு. சுவரோரம் ஆட்கள் இன்னும் வந்து நிற்கத்தான் செய்கிறார்கள். நாங்கள் இருப்பது தெரிந்தும் நிற்கிறார்கள்.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அவருக்குச் சோறு போடுகிறேன், சட்டை துவைக்கிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முன்பெல்லாம் காலையில் ஒரே டம்ளர் காபியை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடிப்போம். உலகத்தில் அவருடைய எச்சில் ஒன்றுதான் எனக்கு எச்சிலாகத் தெரியாமல் இருந்தது. இப்போது எனக்குத் தனி டம்ளர். ஏன் என்று அவர் ஒரு தடவை கேட்டார். இடுப்பு வலி மாத்திரை போடுகிறேன், அதனால் என்றேன். நம்பிவிட்டார்.