பந்தயக் காரில் பக்கத்து சீட்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை என் அக்கா சுடிதார் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு என் அக்கா மைதிலியைத் தெரியாது. அறுபது வயதைத் தாண்டியவள். சிம்லாவுக்குப் போனபோதுகூடப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பனியில் நடந்தவள். மகள் ஆசையாக வாங்கி அனுப்பியதையெல்லாம் 'எனக்கெதுக்கு இது' என்று பீரோவின் அடித்தட்டுக்குத் தள்ளியவள். அப்படிப்பட்டவள், அதுவும் கோயிலில் பூஜை இருக்கிற நாளில், கரும்பச்சை சுடிதாரும் அதே நிறத் துப்பட்டாவுமாக வந்து நின்றால்?

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"புடவையைக் கட்டிண்டு அந்தப் பள்ளத்துக்குள்ள எப்படி ஏறி இறங்கறதாம்?"

பள்ளம் என்று அவள் சொன்னது அவள் கணவரின், அதாவது என் அத்திம்பேரின் காரை.

அத்திம்பேர் பல் டாக்டர். மயிலாப்பூரில் பாதிப் பேர் அவர் கட்டிக் கொடுத்த பல்லால்தான் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறார்கள். மற்றவர்கள் ரிடையர் ஆனால் வாக்கிங் போவார்கள், கச்சேரிக்குப் போவார்கள், அபார்ட்மென்ட் அசோசியேஷனில் சண்டை போடுவார்கள். அத்திம்பேர் கிளினிக்கை மூடிவிட்டு, மந்தைவெளியில் தன் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கிற கார் பார்க்கிங்குக்குப் போனார். போனவர் ஆறு வருஷம் அங்கேயே இருந்தார்.

என்ன செய்தார்? ஒரு பந்தயக் கார் செய்தார்.

அறுபதுகளில் இங்கிலாந்தில் ஓடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ரெப்ளிகா. கூரை கிடையாது. உயரம் என் இடுப்புக்கும் கீழே. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவில் கையை நுழைக்கலாம், அவ்வளவுதான். இன்ஜின் புதுப்பேட்டையில் கிடைத்தது. முன் ஜென்மத்தில் அது ஒரு டாக்ஸியில் இருந்ததாம். பாடி முழுக்க ஃபைபர் கிளாஸ். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுப்பது பல் டாக்டருக்குக் கைவந்த விஷயமாயிற்றே... பல்லுக்குப் பதிலாக பானெட். ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்கியது தனிப் புராணம். அதைச் சொன்னால் இந்தப் பத்தி பத்தாது.

காலேஜ் நாளில் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போனபோது இப்படி ஒரு பச்சை வண்டி அவரைத் தாண்டிப் போயிற்றாம். வண்டி போன பிறகும் அந்தச் சத்தம் அவர் வயிற்றுக்குள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்ததாம். பார்த்தது இதே மாடல்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்டதில்லை. ஒரு மனிதர் நாற்பது வருஷம் மற்றவர்கள் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் மனசுக்குள் எட்டிப் பார்க்கிறார். அங்கே போய் நாம் குறுக்கு விசாரணை செய்யலாமா?

ஆனால் ஒரு தடவை வாய் தவறி, "இது டூப்ளிகேட்தானே அத்திம்பேர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வந்தது. ஏமாற்றுவதற்காகச் செய்தால் டூப்ளிகேட், ஆசைக்காகச் செய்தால் ரெப்ளிகா என்றார். ஒரிஜினல் எல்லாம் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கோடீஸ்வரர் வீட்டில் கயிறு கட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தொடக்கூட விட மாட்டார்களாம். ஓடாத ஒரிஜினலைவிட ஓடுகிற ரெப்ளிகா எந்த விதத்தில் மட்டம் என்று கேட்டார். அவர் கட்டிய கடைவாய்ப் பல் எனக்கும் ஒன்று இருக்கிறது. அது பாட்டுக்கு வேலை செய்கிறது. நானும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அதைத் தனியாக அறிமுகம் செய்து வைத்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு லட்சியம். அடையாறில் வருஷம் ஒரு தடவை பழைய கார்ப் பைத்தியங்கள் எல்லாம் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். ரெப்ளிகாக்களில் எது ஒரிஜினலுக்கு மிக நெருக்கமோ, அதற்கு ஒரு கோப்பை. அந்தக் கோப்பைக்காகத்தான் ஒவ்வொரு திருகாணியையும் பழைய போட்டோக்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு முடுக்கினார்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

அத்திம்பேர் விடிந்ததுமே காரைத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்த் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் பின்னால் நடந்து போனோம். அக்கா கையில் தேங்காய் பழத் தட்டு. பைக்குள் கூலிங் கிளாஸும், தலையில் கட்டிக்கொள்ள ஒரு ஸ்கார்ஃபும். இரண்டும் பாண்டி பஜாரில் வாங்கியதாம். சுடிதாரும் தி.நகரில்தான் தைக்கக் கொடுத்தாளாம். காரின் நிறத்திலிருந்து துளி மாறக் கூடாது என்று, பெயின்ட் அடித்த ஒரு சின்னத் துண்டைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்த் துணி தேடினாளாம். நடந்துகொண்டே என்னிடம் சொன்னாள்; அதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

குருக்கள் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மாலை போட்டார். கற்பூரம் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"மாமி, நீங்களும் ஏறி உக்காருங்கோ. தம்பதியா உக்காந்துண்டுதான் வண்டியை நகத்தணும்."

அக்கா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு காரைச் சுற்றிக்கொண்டு போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

பக்கத்து சீட் இல்லை.

அது இருக்க வேண்டிய இடத்தை ஓர் அலுமினியத் தகடு மூடியிருந்தது. கார் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, சுற்றிலும் ரிவெட் அடித்து, பளபளவென்று. முந்தின நாள் வரை அங்கே ஒரு குழிதான் இருந்தது. சீட் பிற்பாடு வரும் என்று அக்கா நினைத்திருக்கிறாள். வந்தது தகடு.

அத்திம்பேருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவர் பெருமையாக விளக்கினார். ரூல்படி காரில் இரண்டு சீட்டுக்கு இடம் இருந்தாக வேண்டுமாம். ஆனால் பந்தயத்துக்குப் போகும்போது பக்கத்து சீட் இடத்தைத் தகடு போட்டு மூடிவிடுவார்களாம். திறந்திருந்தால் காற்று அதற்குள் புகுந்து வேகத்தைக் குறைக்குமாம். ஒரிஜினலில் அப்படித்தானாம்.

அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பைக்குள் இருந்த ஸ்கார்ஃபை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"சரி. காத்து தடுக்காம போய்ட்டு வாங்கோ" என்றாள்.

திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தாள். அத்திம்பேர் தனியாக எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றினார். குருக்கள் தன் சர்வீஸில் இப்படி ஒரு தம்பதி பூஜை செய்திருக்க மாட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "அவ என்ன டிரஸ் போட்டுண்டிருந்தா, பார்த்தேளா?" என்று அத்திம்பேரிடம் கேட்டேன்.

பார்க்கவில்லை. சொன்னேன். துணிக்கடைக்குப் பெயின்ட் துண்டு போன கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. "அவளுக்குத்தான் இந்தக் காரே பிடிக்காதே?" என்றார் மெதுவாக.

திட்டினாள்தான். ஃபைபர் கிளாஸ் தூசி வடாத்தில் விழுகிறது என்று திட்டினாள். தினம் ஓட்டுகிற காரைத் தெருவில் நிறுத்த வேண்டியிருக்கிறது என்று திட்டினாள். ஆனால் அவர் ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதெல்லாம் குனிந்து டார்ச் பிடித்தது யார்? மூட்டு வலியோடு பதினொரு மணி காபியைக் கீழே கொண்டுவந்தது யார்? ஒரு நாள் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே எனக்குக் கார்பரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியவள் அவள். காரைப் பிடிக்காத பெண் செய்கிற காரியமா இது? ஆண்களுக்கு நாம் திட்டுவது மட்டும் எப்படித்தான் இவ்வளவு துல்லியமாகக் காதில் விழுகிறதோ...

வீட்டுக்குப் போனபோது அக்கா புடவைக்கு மாறியிருந்தாள். தகட்டை உடனே பிரித்துவிடுவதாக அத்திம்பேர் சொன்னார். வேண்டாம், ஒரிஜினல் கெட்டுவிடும் என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் காபி வேளைக்கு வந்தது. சாப்பாடு வந்தது. சண்டை மட்டும் வரவில்லை. அக்கா கீழே இறங்கவே இல்லை.

நாடு முழுக்க இருக்கிற ரெப்ளிகா பிரியர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் அத்திம்பேர் யோசனை கேட்டார். தகட்டை வெட்டினால் காரின் லட்சணமே போய்விடும் என்று ஆளாளுக்குப் பதறினார்கள். அடையாறுக் கோப்பையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் ஒருவர். அத்திம்பேர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு குரூப்பிலிருந்து வெளியே வந்தார். வெளியே வந்த கையோடு ரம்பத்தை எடுத்தார்.

தகடு போயிற்று. அதற்கு அடியில் இருந்த பேட்டரியும் டூல் பாக்ஸும் பின்பக்கம் போயின. ஆனால் அந்தக் குழிக்குக் கடையில் விற்கிற எந்த சீட்டும் பொருந்தவில்லை. பந்தயக் கார்களில் சீட்டை உட்காருகிறவரின் உடம்புக்கு அச்செடுத்துத்தான் செய்வார்களாம். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் ஒரு திரவத்தை ஊற்றி, அதன்மேல் ஆளை உட்கார வைத்தால், அது நுரைத்துப் பொங்கி முதுகுக்கு ஏற்றபடி இறுகிவிடும். ஆக, அளவு வேண்டும் என்றால் அக்கா கீழே வந்தாக வேண்டும்.

அத்திம்பேர் மேலே போய்க் கேட்டார். அக்கா அடுப்பை அணைத்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் பச்சை சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

குழிக்குள் பை. பைமேல் அக்கா. நான் வேடிக்கை. நுரை கதகதவென்று பொங்க ஆரம்பித்ததும் அத்திம்பேருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக நோயாளிகளிடம் பேசிய அதே மரியாதையோடு பெண்டாட்டியிடம் பேசினார்.

"ரெண்டு நிமிஷம் அசையாதீங்கோ. வலிச்சா இடது கையைத் தூக்குங்கோ."

அக்கா அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இடது கையைத் தூக்கினாள்.

அத்திம்பேர் பதறிப்போய்க் குனிந்தார். "எங்க வலிக்கறது?"

"இப்ப இல்லை. அன்னிக்குக் கோயில்ல வலிச்சுது."

அத்திம்பேர் அவளுடைய தூக்கிய கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புதான், மைதிலி" என்றார். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நுரை இறுகிய பிறகும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை என்று புரிந்து மாடிக்குப் போய்க் காபி போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறு மைதானத்துக்குப் புறப்பட்டார்கள். இரண்டு சீட்தானே? நான் ஆட்டோவில் பின்தொடர்ந்தேன். பந்தயக் கார் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் நண்டு மாதிரி சாய்ந்து சாய்ந்து ஏறி இறங்கியதால் கிரீன்வேஸ் ரோட்டிலேயே என் ஆட்டோ அதை முந்திவிட்டது. ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, கூட வந்துகொண்டிருந்த காரை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, ரெண்டு பேரும் ரோட்லயே குந்திகினு போறா மாதிரி கீது" என்றார்.

அக்கா ஸ்கார்ஃபும் கூலிங் கிளாஸுமாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் அவள் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மைதானத்தில் நடுவராக வந்தவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். மொபைலில் இருந்த பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ரிவெட், மிரர், பெட்ரோல் மூடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் வந்ததும் நின்றார்.

"பிரமாதம் டாக்டர். ஆனா இந்த சீட் ஒரிஜினல்ல கிடையாதே? இது மட்டும் இல்லேன்னா கோப்பை உங்களுக்குத்தான்."

அக்கா கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு அத்திம்பேரைப் பார்த்தாள். ஆறு வருஷக் கனவாயிற்றே.

அத்திம்பேர் அவசரப்படாமல் கைக்குட்டையால் அந்தப் பக்கக் கதவைத் துடைத்தார்.

"வண்டி மொத்தமும் காப்பி சார். அந்த சீட் ஒண்ணுதான் ஒரிஜினல்."

அக்கா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள், கொஞ்சம் அவசரமாகவே.

கோப்பை ஒரு சிவப்புக் காருக்குப் போயிற்று. பாவம், அதில் ஒரே ஒரு சீட்.